கேட்கும் செல்கள்

ஜனவரி 17

பொங்கல் விடுமுறைதான். ஆனாலும் காலையில் ஆய்வுக்கூடம் போனேன். செல்களை ஒளிரவைத்துக் காட்ட வரவழைத்த சாயம் கெட்டுப்போவதற்குள் பயன்படுத்தியாக வேண்டும். என் மாணவி ஃப்ளோராவும் வந்திருந்தாள். எலி மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து வெற்றிலைக் கனத்துக்குச் சீவிய ஒரு துண்டு. நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனம் கலந்த நீரை அதன் மேல் ஓடவிட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு செல் பச்சையாக ஒளிர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம், கார்த்திகைக்குத் தெருவில் வீடுவீடாக விளக்கேற்றுவது மாதிரி, எல்லாம். ஃப்ளோரா, "மேம், மேம்" என்று என் தோளை உலுக்கிவிட்டாள்.

நரம்புச் செல்கள் ரசாயனங்களால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி நட்சத்திர வடிவத்தில் துணைச் செல்கள் இருக்கின்றன. நரம்புக்குத் தீனி கொடுப்பது, சிந்தியதைத் துடைப்பது, இடத்தைக் கட்டிக்காப்பது எல்லாம் அவற்றின் வேலை. வெறும் பசை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நான் இத்தனை வருடம் செய்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அவையும் கேட்கின்றன.

சாயங்காலம் சோழவந்தான் பக்கத்தில் கபடிப் போட்டி. மாமாதான் வர்ணனை. மின்வாரியத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தும் காசிராஜன் என்றால் யாருக்கும் தெரியாது. மைக் காசி என்றால் தெரியும். அத்தை மகனான இவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் பேசுவார், நான் கேட்பேன். இரண்டு பேர் வீட்டுக்கு அது போதுமாக இருந்தது.

இறுதி ஆட்டத்தில் கடைசி ரைடு. "ஏறி வர்றாரு, ஏறி வர்றாரு, கோட்டை நோக்கி" என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். ரைடுக்குப் போனவர் தொட்டுவிட்டுத் திரும்பும்வரை மைக்கில் ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் விசிலடித்தது. ஆவலைத் தூண்டத்தான் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். நல்ல உத்தி. நானும் கை தட்டினேன்.

ஜனவரி 29

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தேன்.

மாமா டீ வடிகட்டியைத் தேடினார். "அதான் புள்ள, அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே, அதை எங்க வச்ச?" என்றார். எனக்கும்தான் பெயர்கள் மறக்கின்றன. ஐம்பதை நெருங்குகிறோம்.

பிப்ரவரி 15

மதினி வந்திருந்தார். மாமாவின் அக்கா, பேச்சியம்மாள். சிம்மக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறி, பை நிறையக் கீரையோடு. சாப்பிட்டு முடித்து மாமா கை கழுவப் போனதும் என்னிடம், "தம்பி பேச்சு என்னமோ இடிக்குதே, கவனிச்சியா?" என்றார்.

"வேலை ஜாஸ்தி மதினி. மார்ச் வந்தா கணக்கு முடிக்கணும்ல."

"அவன் பரீட்சை அன்னைக்கே வாய் ஓயாதவன் ஆத்தா."

கீரையை ஆய்ந்து வைத்தேன். பாதி முற்றல்.

மார்ச் 2

மாமாவின் வலது கை ஒரு மாதிரி மரத்துப்போகிறதாம். எந்நேரமும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் மரத்துத்தான் போகும்.

ஆய்வுக் கட்டுரையின் இரண்டாவது படம் சரியாக வந்துவிட்டது.

மார்ச் 14

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் வாய் வலது பக்கமாக இழுத்தது. கை தட்டைத் தட்டிவிட்டது. பிறகு கீழே விழுந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். தலைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். செய்ய வேண்டியது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

ஸ்கேன் படத்தை நானே பார்த்துவிட்டேன். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம், முன்புறப் புறணியில், பேச்சு உருவாகும் இடத்தை ஒட்டி ஒரு வெள்ளை மேகம்.

மதினி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மாமா தூங்கிக்கொண்டிருந்தார். "என்னது ஆத்தா அது?" என்றார்.

"கட்டி மதினி."

"எதுல இருந்து வந்த கட்டி?"

தெரியவில்லை என்று சொன்னேன். பரிசோதனை முடியாமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த இடத்தில், அந்த வடிவத்தில், துணைச் செல்களைத் தவிர வேறெதுவும் அப்படிப் பெருகாது. எனக்கு நன்றாகத் தெரிந்த செல்கள்.

வீட்டுக்கு வந்து ஊறப்போட்டிருந்த உளுந்தை ஆட்டினேன். விட்டால் கெட்டுப்போகும்.

மார்ச் 19

மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிப்பு மாத்திரை, காலையும் மாலையும். ஏப்ரலில் அறுவை சிகிச்சை. டாக்டர் தாவூத் நிதானமான மனிதர். ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்கிறார்.

துணைச் செல்களில் வரும் புற்றுக்கட்டிகளைப் பற்றிப் படிக்காமல் இவ்வளவு காலம் ஒதுக்கியே வைத்திருந்தேன். அது வேறு துறை. இப்போது மூன்று நாளாகப் படிக்கிறேன். நரம்புச் செல்கள் சொரியும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைக் கட்டிச் செல்களும் வாங்கிக்கொள்கின்றன. நரம்புகளோடு அவை தாமே இணைப்புப் போட்டுக்கொள்கின்றன. எலிகளில் அந்த இடத்து நரம்புகளைத் தூண்டிவிட்டால் கட்டி வேகமாக வளர்கிறது. விழித்திருக்கும் நோயாளியிடம் ஒரு படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால், கட்டி பரவிய புறணியும் சேர்ந்து வேலை செய்கிறது.

படித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மாமா யாரிடமோ போனில், எப்போதும்போல் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"போதும், வைங்க" என்றேன்.

"ஏன் புள்ள?"

"பேச்சைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஓய்வு எடுக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் 24

டிவியை மாடி அறைக்கு மாற்றினேன். மாமாவின் போனை நானே வைத்துக்கொள்கிறேன். அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தவர்களைக் காபி கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து போட்டிக் கமிட்டிக்காரர்கள் பழத்தட்டோடு வந்தார்கள். தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "மைக் காசி அண்ணன் இல்லாமயா?" என்று ஒருவர் கேட்டார். பழங்களில் சப்போட்டா மட்டும் நன்றாக இருந்தது.

மார்ச் 30

வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு வேலை ஓடுகிறது.

மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது வேண்டுமானால் கையைக் காட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். நானும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். காபியா டீயா என்பதைக்கூட இரண்டு டம்ளரையும் காட்டித்தான்.

இன்று காபியைக் காட்டினார்.

ஏப்ரல் 4

ஆய்வுக்கூடத்தில் மறுபடி அதே சோதனை. நார்அட்ரினலினுக்குப் பதில் குளூட்டமேட் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. குழாயைத் திறந்தேன். செல்கள் ஒளிர ஆரம்பித்தன. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது.

"மேம், பதிவு பண்ணலையா?" என்று ஃப்ளோரா கேட்டாள். நான் எழுந்து வெளியே வந்து நின்றிருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் கண் எரிகிறது என்று சொன்னேன். மீதியை அவளே முடித்தாள். நன்றாகச் செய்கிறாள்.

ஏப்ரல் 9

அறுவை சிகிச்சைக்கு முன்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். நாற்காலியில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், ஒரு விஷயம். எங்க வீட்ல என்னைப் பேசவே விடமாட்டேங்குது. கேட்டா நீங்க சொன்னீங்கன்னு சொல்லுது. ஆபரேஷன் வரைக்குமாவது பேசிக்கிறேனே."

டாக்டர் தாவூத் என்னைப் பார்த்தார். "நான் சொல்லலையே மேடம்."

நான் சொன்னேன். படித்தது எல்லாவற்றையும், எந்தச் சோதனை, எந்த முடிவு என்று, கருத்தரங்கில் பேசுகிற மாதிரி. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முக்கியமானது புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

டாக்டர் கடைசிவரை குறுக்கிடவில்லை. பிறகு, "நீங்க படிச்சது சரிதான். நானும் படிச்சேன்" என்றார். "ஆனா எலியோட நரம்பை வெளியில இருந்து தூண்டிவிடறதும், ஒரு மனுசன் வீட்ல உக்காந்து பேசுறதும் ஒண்ணா? பேசினா வளருதுன்னு யாரும் காட்டல. பேசாம இருந்தா நிக்கும்னும் காட்டல. வாயை மூடிக்கிட்டா மூளை சும்மா இருக்குமா?"

"இருக்காது டாக்டர்" என்றார் மாமா. "மூணு வாரமா உள்ளுக்குள்ளயே மேட்ச் ஓட்டிக்கிட்டு இருக்கேன். நேத்து ரெண்டு செமி ஃபைனல்."

டாக்டர் சிரித்தார். அப்புறம் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மண்டையைத் திறந்தபின் நடுவில் மாமாவை எழுப்புவார்கள். மூளையைத் தொட்டால் வலிக்காது. மாமா பேசிக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் ஒவ்வொரு இடமாகச் சிறிய மின்சாரம் வைத்துப் பார்ப்பார். எங்கே வைத்தால் பேச்சு நிற்கிறதோ அது பேச்சுக்கான இடம்.

"கட்டி அங்கயும் இருந்துச்சுன்னா?" என்றார் மாமா.

"ஓரமா ஒரு பட்டை இருக்கும்போலத்தான் தெரியுது. அதையும் சேர்த்து எடுத்தா பேச்சு போயிடலாம். விட்டா கட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைக் கதிர்வீச்சும் மாத்திரையும் வச்சு அடக்கப் பாக்கணும்."

"அடங்குமா?"

"கொஞ்ச காலம் அடங்கும். எவ்வளவு காலம்னு என்னால சொல்ல முடியாது."

"முழுசா எடுத்துருங்க டாக்டர்" என்றேன்.

"நான் அவரைக் கேட்டேன் மேடம்" என்றார் டாக்டர், மெதுவாக.

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்வதாக மாமா சொன்னார். ஆட்டோ வைகைப் பாலத்தைத் தாண்டியது. மாமா என் பெயரைச் சொல்லி, "மங்க, கபடியில பாடிட்டே போறவன் பாட்டு நின்னா என்ன?" என்றார்.

"அவுட்டு."

"ஒருத்தன் தொட வேணாம், பிடிக்க வேணாம். பாட்டு நின்னாலே அவுட்டு."

"இது விளையாட்டு இல்ல மாமா. நீங்க உசுரோட இருந்தா போதும் எனக்கு."

"உனக்குப் போதும்" என்றார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வீடு வந்துவிட்டது.

ஏப்ரல் 10

இருவரும் பேசிக்கொள்ளவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 12

ஞாயிற்றுக்கிழமை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா மெல்லப் படியேறி வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்.

"அந்தச் செல்லு என்னதான் பண்ணும்? சொல்லு. எனக்குப் புரியுற மாதிரி."

ஈரப் போர்வையைக் கொடியில் போட்டபடி சொல்ல ஆரம்பித்தேன். நரம்பு பேசுவது, அது சிந்துவது, இவை துடைத்து எடுப்பது, சர்க்கரையை உடைத்து ஊட்டுவது. பயந்தாலோ சந்தோஷப்பட்டாலோ மூளைத்தண்டிலிருந்து நார்அட்ரினலின் வருவது, அது வந்ததும் ஊரே விழித்துக்கொள்கிற மாதிரி இவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்வது. அவை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை, அளவு மீறிப்போனால் நரம்பைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும் என்பது. முதன்முதலில் அவை ஒளிர்ந்ததைப் பார்த்த அன்று நான் வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது. துணிகள் தீர்ந்துபோன பிறகும் பேசிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு பேசுவியா நீ?" என்றார்.

"நீங்க விட்டாத்தான?"

"சரிதான். அப்ப உன் ஆளுங்கதான் என்னையப் பிடிச்சு வச்சிருக்காய்ங்க." சிரித்தார். அப்புறம் சிரிக்காமல், "அந்தப் பட்டையை விட்டுறச் சொல்லப்போறேன் மங்க. கோவிச்சுக்காத" என்றார்.

நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டுப் பக்கெட்டைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுவினேன்.

ஏப்ரல் 22

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மழித்த தலையில் மாமாவை அடையாளமே தெரியவில்லை. மதினி கையில் விபூதிப் பொட்டலம். நர்ஸ் வேண்டாம் என்றதால் என் நெற்றியில் பூசிவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் தாவூத் வெளியே வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதல்ல படம் காட்டினோம். குடை, ஆடு, சாவின்னு ஒழுங்கா சொல்லிக்கிட்டு வந்தாரு. கொஞ்ச நேரத்துல, 'டாக்டர், இது ஒண்ணாம் கிளாஸ் மாதிரி இருக்கு, நான் வேற சொல்லட்டுமா'ன்னு கேட்டாரு. சொல்லுங்கன்னேன். கபடி மேட்ச் ஆரம்பிச்சுட்டாரு. தியேட்டர்ல எல்லாருக்கும் சிரிப்பு. 'ஏறி வர்றாரு'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தவரு, நான் கரண்ட் வச்ச ஒரு இடத்துல டக்குனு நின்னாரு. எடுத்ததும் விட்ட இடத்துல இருந்து சொன்னாரு. மூணு தரம் வச்சுப் பாத்தேன். மூணு தரமும் அதே. அந்த இடத்தை விட்டுட்டேன் மேடம். அவர் கேட்டுக்கிட்டபடி."

நன்றி சொன்னேன்.

எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போகிறது, ஆய்வுக்கு ஒரு துண்டு வேண்டுமென்றால் முறைப்படி ஏற்பாடு செய்யலாம் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். உயிருள்ள மனிதப் புறணி கிடைக்காதா என்று நான் ஏங்கிய வருடங்கள் உண்டு. வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 25

மாமா கண்விழித்திருக்கிறார். கேட்பது புரிகிறது. கையைத் தூக்கு என்றால் தூக்குகிறார். பேச்சு மட்டும் இல்லை. ஒரு எழுத்துகூட.

வீக்கம்தான், பக்கத்து இடத்தைத் தொட்டதால் வரும், வாரக்கணக்கில் ஆகலாம், திரும்பிவிடும் என்கிறார் டாக்டர். படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் திரும்பிவிடும் என்றுதான் இருக்கிறது. பெரும்பாலும்.

மே 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னலோர நாற்காலியில் உட்காருகிறார். காபியா டீயா என்று இரண்டு டம்ளரைக் காட்டப் போனவள் நிறுத்திக்கொண்டேன். வாயால் கேட்டேன். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டையும் கொண்டுவந்து வைத்தேன்.

மே 8

மதினியோடு பேச்சியம்மன் கோயிலுக்குப் போனேன். பேச்சு வராத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நின்றிருந்தார்கள். மதினி, "என் பேரையே இவதான் வச்சா. என் தம்பி வாயைத் திருப்பிக் குடுக்க மாட்டாளா?" என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் குழந்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

மே 13

எனக்குத் தொண்டை கரகரக்கிறது. நாள் முழுக்கப் பேசுவதால். தண்ணீர் லாரி வந்தது, ஃப்ளோராவுக்கு வரன் பார்க்கிறார்கள், கத்தரிக்காய் விலை, என் கட்டுரையை மதிப்பிட்ட மூன்றாவது நடுவர் கேட்ட முட்டாள்தனமான கேள்வி. இவ்வளவு விஷயம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

மே 16

மாமாவின் போனில் பழைய கபடி மேட்ச் ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. "நாலு பேர் களத்துல இருக்காங்க. ரைடரைப் பிடிச்சுட்டாங்க. சூப்பர் டேக்கிள்!" என்றேன்.

"இல்ல."

திரும்பிப் பார்த்தேன். மாமா முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கையில் மூன்று விரலைக் காட்டினார். "மூ" என்றார். பிறகு, "மூணு."

மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால்தான் சூப்பர் டேக்கிள். இருபது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு அது தெரியவில்லை.

மதினிக்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மே 27

பரிசோதனை முடிவு. துணைச் செல் புற்று, மூன்றாம் நிலை. எதிர்பார்த்ததுதான். நல்ல மரபணு மாற்றம் இருக்கிறது, அது இருப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்றார் டாக்டர். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 18

கதிர்வீச்சு. தினமும் காலையில் போய் வருகிறோம். பேச்சு வருகிறது, ஆனால் முன்புபோல் கொட்டுவதில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார். "அந்த" நிறைய வருகிறது. "அந்த, அந்த" என்று தேடி, கிடைத்ததும் முகம் மலர்கிறது. கிடைக்காவிட்டால் கோபம். மாத்திரையும் கோபத்தைக் கொடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று தயிர் புளித்ததற்குத் தட்டை நகர்த்திவிட்டார். திட்டுகிறபோது மட்டும் சொற்கள் தடையில்லாமல் வந்தன. நான் கோபப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஜூலை 21

கட்டுரை ஏற்கப்பட்டது. ஃப்ளோரா கேக் வாங்கி வந்தாள். கடைசிப் பத்தியில், இந்தச் சமிக்ஞைகளை அறிவது நோய்களைப் புரிந்துகொள்ள உதவக்கூடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிற வரி. அச்சுக்குப் போகும் முன் அதை மட்டும் பலமுறை படித்தேன். நீக்கவில்லை.

ஆகஸ்ட் 29

ஸ்கேன். நானும் டாக்டர் தாவூத்தும் ஒரே திரையைப் பார்த்தோம். விட்டுவைத்த பட்டையின் விளிம்பு முன்பைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கதிர்வீச்சால் அப்படித் தெரியலாம். வேறாகவும் இருக்கலாம். "இப்ப எதுவும் சொல்ல முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார்.

மாமாவும் அறையில்தான் இருந்தார். அவரும் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 2

மாமா மூன்று நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. களைப்பாக இருக்கும்.

செப்டம்பர் 4

களைப்பு இல்லை. இன்று மதினி வந்து, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டும் தலையைத்தான் ஆட்டினார். பேச முடியாத தலையாட்டல் இல்லை அது. காபியா டீயா என்றதற்கு எழுந்து வந்து காபி டப்பாவைத் தொட்டுக் காட்டினார்.

வாயில் சொல் இருக்கிறது. அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 6

ஞாயிறு. காலையில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவருக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

ஜன்னலைப் பார்த்தார்.

"ஸ்கேன் பாத்ததுல இருந்தா?"

தலையை ஆட்டினார். தன் இடது நெற்றியில், தழும்பு முடிகிற இடத்தில் விரலை வைத்தார். பிறகு அந்த விரலை வாயருகே கொண்டுவந்து, சோறு ஊட்டுகிற மாதிரி காட்டினார்.

பேச்சு கட்டிக்குத் தீனி என்பது நான் கற்றுக்கொடுத்தது. வேறு யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதை மறுபடி சொல்லியிருக்கலாம். நிரூபிக்கப்படவில்லை, எலி வேறு மனிதன் வேறு. அது உண்மையும்கூட. ஆனால் அவர் பேசும்போது அந்தப் பட்டைக்குள் ஒன்றும் நடக்காது என்று நான் பொய் சொல்ல முடியாது, எனக்கே தெரியாது. ஏதாவது நடக்கலாம். பேசாமல் இருந்தாலும் நடக்கலாம். தெரிந்தது ஒன்றுதான். இந்த நாற்காலியில் இப்படி உட்கார்ந்திருப்பதற்காக அவர் அன்றைக்கு மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டை விடாமல் பாடவில்லை.

"பேசுங்க மாமா" என்றேன். "அது கேட்டா கேட்டுட்டுப் போகுது. நானும் கேக்குறேன்ல?"

அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்து மூடினார்.

"பயமா," என்றார். நிறுத்தினார். "பயமா இருக்கு மங்க."

இத்தனை வருடத்தில் எதையெல்லாமோ பேசியிருக்கிறார். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

"எனக்கும்" என்றேன்.

"மொதல்ல... அந்த சோழவந்தான் மேட்ச்ல... வந்துச்சு. மைக்ல. சொல்லு இருக்கு, வாய் வரல. நான் உன்னயப் பாத்தேன். நீ கை தட்டிக்கிட்டு இருந்த."

"ஆமா."

"சொல்லணும்னு நினைச்சேன். அப்பறம்..."

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தமும் தீய்ந்த வாசனையும் வந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"அப்பறம்?" என்றேன்.